வளவு வீடு மாதிரி ஒரு ஓட்டல்: தூண், தரை, சத்தம்

சித்தி மகன் கோவையில் ஓட்டல் திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு எழுபத்தி நாலு வயது, காதுக்கு மிஷின் வைத்திருக்கிறார். இலை போட்டு, பொரியல் வைத்து, சாம்பார் வருவதற்குள் மிஷினைக் கழட்டிப் பர்ஸில் வைத்துக்கொண்டார். "ஒரே இரைச்சல்டா. இது இல்லாமலே இருந்துக்கறேன்" என்றார். அதற்குப் பிறகு சாப்பிட்டு முடிக்கும் வரை அவரிடம் யாரும் பேசவில்லை, பேசினாலும் கேட்டிருக்காது. எனக்கு எதிரில் இருந்த என் மகள் சொன்னது எனக்கே பாதிதான் கேட்டது.

சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. கடையும் பார்க்க அவ்வளவு அழகு. ஆத்தங்குடி கல் தரை, நாலு பர்மா தேக்குத் தூண், சுண்ணாம்புப் பூச்சில் பளபளக்கும் ஒரு சுவர், பித்தளை விளக்கு, நிலைக்கதவு மாதிரி செய்த நுழைவாயில். செட்டிநாட்டு வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்க வேண்டும் என்று தம்பி ஆசைப்பட்டான், அப்படியே இருந்தது. வங்கிக் கடன் போக மீதிக்கு சித்தியின் நகை அடகில் இருக்கிறது. அதனால் அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அவனே போன் செய்தான். "சாப்பாடு எல்லாத்துக்கும் புடிச்சிருக்குதுங்ண்ணா. காலேஜ் பசங்க வர்றாங்க. ஆனா ஒருக்கா வந்த குடும்பம் மறுக்கா வரமாட்டீங்கறாங்க. உள்ள இருந்தா தலை வலிக்குதுன்னு ஒரு அம்மா நேராவே சொல்லிட்டுப் போயிட்டாங்க."

நான் கட்டடம் படித்தவன் இல்லை. இருபது வருடமாக சாஃப்ட்வேர்தான். ஆனால் கடை வரைபடத்தைத் திறப்பதற்கு முன்பே பார்த்து "சூப்பரா இருக்கு" என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தன். அந்தக் குற்ற உணர்ச்சியில் ஒரு மாதம் படித்ததும், அளந்ததும், தம்பியும் நானும் செய்து பார்த்ததும்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்த வீடுகளைப் பற்றிக் கொஞ்சம். காரைக்குடி, தேவகோட்டை சுற்று வட்டாரத்தில் நகரத்தார் கட்டிய பெரிய வீடுகள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1930கள் வரைக்கும் எழுந்தவை. பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போன இடங்களில் சம்பாதித்த பணம். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும்படி நீளமாகப் போகும். முகப்பு, அதைத் தாண்டினால் வளவு, அதற்கும் உள்ளே ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டு. வளவு என்றால் நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தூண்கள் தாங்கும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு பங்கு. உள்ளே போகப் போக பந்தி, சமையல், சாமான் அறை என்று வரும்.

இன்றைக்கு "செட்டிநாடு தீம்" என்று யாராவது சொன்னால் இந்தப் பட்டியலில் எதை எடுத்துக்கொள்கிறார்கள்? தூண், கதவு, தரைக் கல், பூச்சு. காசு கொடுத்தால் லாரியில் ஏற்றி வரக்கூடியவை. முற்றத்தை லாரியில் ஏற்ற முடியாது. எங்கள் கடை வாடகைக் கட்டடத்தின் தரைத்தளம், மேலே இரண்டு மாடி. வானத்துக்கு வழியே கிடையாது. டிசைன் செய்தவர் முற்றம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு உருளி வைத்துப் பூ மிதக்க விட்டிருந்தார்.

முற்றம் என்ன வேலை செய்கிறது என்று கேட்டால் வெளிச்சம், காற்று, மழைத்தண்ணீர் என்று எல்லோரும் சொல்வார்கள். நாட்டு ஓட்டுக் கூரை நாலு பக்கமும் உள்நோக்கிச் சரியும். மழை முற்றத்தில் இறங்கும், கிடாரத்தில் பிடித்துக்கொள்வார்கள், மிச்சம் வடிகாலில் போகும். சூடான காற்று மேலே ஏறி முற்றம் வழியாக வெளியேற, கீழே தாழ்வாரத்தில் குளுமையான காற்று வந்து சேரும். இதெல்லாம் சரி. நாலாவதாக ஒரு வேலை இருக்கிறது, அது எனக்கு இந்த விவகாரம் வரும் வரை தோன்றவே இல்லை. முற்றம் சத்தத்தை வெளியே விடுகிறது.

இதை எனக்குப் புரிய வைத்தவர் ஒரு அமெரிக்கர். வாலஸ் கிளமென்ட் சபீன், ஹார்வர்டில் இயற்பியல் ஆசிரியர். 1890களில் அங்கே ஃபாக் அருங்காட்சியகத்தில் புதிதாகக் கட்டிய சொற்பொழிவு அரங்கத்தில் பேசுவது எதுவும் புரியவில்லை என்று புகார். போய்ப் பாரும் என்று இவரை அனுப்பினார்கள். மனுஷன் பக்கத்து சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிக்கொண்டு வந்து, அரங்கத்தில் பரப்பி, ஒரு ஆர்கன் குழாயை ஊதி, சத்தம் அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிடுவாராம்.

அதிலிருந்து வந்த சூத்திரம் எளிமையானது. அறையின் கன அளவை (கன மீட்டரில்) 0.161-ஆல் பெருக்கி, அறைக்குள் இருக்கும் மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், எதிரொலி அடங்க ஆகும் விநாடி கிடைக்கும். உறிஞ்சும் பரப்பை எந்த அலகில் சொல்வது? சபீன் எடுத்துக்கொண்ட அலகு, திறந்த ஜன்னல். ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னலில் பட்ட சத்தம் முழுக்க வெளியே போய்விடும், திரும்பி வராது. அதனால் அதன் மதிப்பு 1. மெழுகிய தரை, கண்ணாடி, வழவழப்பான பூச்சு எல்லாம் 0.02, 0.03 என்ற அளவில்தான் வரும், அதாவது பட்டதில் தொண்ணூற்றேழு சதவீதத்துக்கு மேல் அப்படியே திரும்பி அடிக்கும்.

இதைப் படித்த ராத்திரி எழுந்து உட்கார்ந்துவிட்டேன். முற்றம் என்பது கூரையில் வைத்த திறந்த ஜன்னல்தானே!

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் கடைக் கூடம் சுமார் 12 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், 3.6 மீட்டர் உயரம். கன அளவு 389. தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்த்துப் பரப்பு 367 சதுர மீட்டர். எல்லாமே கெட்டி, வழவழப்பு. மேசை, நாற்காலிக்கும் இடம் கொடுத்து சராசரி 0.04 என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் உறிஞ்சும் பரப்பு 15-ஐத் தாண்டவில்லை. காலிக் கடையில் கை தட்டினால் நாலு விநாடிக்கு மேல் சத்தம் சுற்றிக்கொண்டு இருக்கும் என்று கணக்கு சொன்னது. போய்த் தட்டிப் பார்த்தோம், இருந்தது. இதே கூடத்துக்கு நடுவில் ஆறுக்கு நாலு மீட்டரில் ஒரு முற்றம் திறந்திருந்தால்? 24 சதுர மீட்டர் வானம், மதிப்பு 24. நாலு விநாடி ஒன்றரைக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஒரு ஆள் உட்கார்ந்தால் உடம்பும் துணியுமாகச் சேர்ந்து சுமார் 0.4 உறிஞ்சும். அப்படிப் பார்த்தால் அந்த முற்றம் ஒன்றே அறுபது பேர் வந்து உட்கார்ந்ததற்குச் சமம்.

நகரத்தார் வீட்டில் அத்தனை கெட்டியான, பளபளப்பான பரப்புகளை வைத்துக்கொண்டு, நூறு பேர் கூடும் கல்யாணத்தையும் நடத்த முடிந்ததற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சத்தத்தை நினைத்து யாரும் முற்றம் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் முற்றம் இருந்ததால் மற்றதெல்லாம் பளபளப்பாக இருக்க முடிந்தது. முட்டுக்காடு தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். சென்னை போனபோது தாழ்வாரத்தில் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு பள்ளிக்கூடமே உள்ளே வந்து கத்திவிட்டுப் போனது. தலை வலிக்கவில்லை.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. அந்த வீடுகளில் பந்தி என்றால் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துச் சாப்பிடுவது. பக்கத்தில் இருப்பவரிடம் ரெண்டு வார்த்தை, அவ்வளவுதான். ஓட்டலில் நாலு பேர் எதிரெதிரே உட்கார்ந்து மேசைக்குக் குறுக்கே பேசுகிறோம். பக்கத்து மேசை சத்தம் அதிகமானால் நமக்குத் தெரியாமலே நம் குரலும் உயர்கிறது. எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு காது வைத்தியர் இதைப் பற்றி 1911-ல் எழுதினார், அவர் பெயரிலேயே லொம்பார் விளைவு என்கிறார்கள். நாம் கத்துவதால் அடுத்த மேசை கத்தும், அதனால் நாம் இன்னும் கத்துவோம். எங்கள் தொழிலில் ரீட்ரை ஸ்டார்ம் என்று ஒன்று உண்டு. பதில் வரவில்லையே என்று எல்லா கிளையண்டும் மறுபடி மறுபடி கேட்டு, திணறிக்கொண்டிருந்த சர்வரை முழுசாகப் படுக்க வைத்துவிடும். ஞாயிறு மத்தியானம் ஒன்றரை மணிக்குத் தம்பி கடையில் நடந்தது அதேதான்.

சரி, வானம் கிடையாது. என்ன செய்யலாம்? முதலில் கடைகளில் விற்கும் வெள்ளை நிற ஒலித்தடுப்புப் பலகைகளைப் பார்த்தோம். தேக்குத் தூணுக்கு மேலே அது கால் சென்டர் கூரை மாதிரி இருந்தது. பிறகுதான் பொள்ளாச்சி நினைவுக்கு வந்தது. கோவையிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான், தென்னை நார் அங்கே மலை மலையாகக் கிடக்கிறது. நாரை அழுத்திச் செய்த கனமான விரிப்பை வாங்கி, கூரையிலிருந்து ஒரு சாண் இடைவெளி விட்டு மரச் சட்டத்தில் கட்டினோம். இடைவெளி முக்கியம், கூரையோடு ஒட்டிவிட்டால் தாழ்ந்த குரலை அது சரியாகப் பிடிக்காது. கீழ்ப்பக்கம் கண்ணுக்குத் தெரிவது கோரைப் பாய். பத்தமடைப் பாய்க்கு ஆசைதான், அந்த நைஸான நெசவுக்கு எங்களிடம் காசில்லை, கூரையில் மாட்டுவதற்கு அது நியாயமும் இல்லை. காவிரிக் கரையில், கரூர், முசிறிப் பக்கம் நெய்கிற சாதாரணக் கோரைப் பாயே போதும். பாய் மெல்லிசு, சத்தம் அதன் இடுக்கு வழியாகப் புகுந்து பின்னால் இருக்கும் நாரில் மாட்டிக்கொள்ளும்.

நாரும் கோரையும் எரியக்கூடியவை. இதை மட்டும் சும்மா விட்டுவிடாதீர்கள். தீத்தடுப்பு மருந்து அடித்துத்தான் மாட்டினோம், அடுப்படிப் பக்கம் மூன்று மீட்டருக்கு எதுவும் கட்டவில்லை.

உறிஞ்சும் மதிப்பு 0.6 என்று வைத்தால், 24 சதுர மீட்டர் வானத்தின் வேலைக்கு 40 சதுர மீட்டர் நார் வேண்டும். நாங்கள் 80 கட்டினோம். அறுபது பேர் உட்கார்ந்த கடைக்குக் கணக்குப்படி முக்கால் விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. பெஞ்சுகளுக்கு பவானி ஜமக்காளம் தைத்துப் போட்டான் தம்பி, அது பெரிதாக ஒன்றும் உறிஞ்சாது, ஆனால் நன்றாக இருக்கிறது. என் போனில் இருக்கும் ஆப் ஞாயிறு மத்தியானம் முன்பு 84 டெசிபல் காட்டியது, வேலை முடிந்த பிறகு 75. போன் மைக்கை நம்பி எண்ணைச் சத்தியம் செய்ய மாட்டேன். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை நம்பலாம்.

இனி தரையும் தூணும். இவை கடை திறப்பதற்கு முன் நடந்த கதை.

ஆத்தங்குடிக்கு நான்தான் வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். பலரும் அதைச் சுட்ட ஓடு என்று நினைக்கிறார்கள், சூளையே கிடையாது. சிமெண்டுக் கல்தான். ஒரு கண்ணாடித் துண்டைத் துடைத்து வைத்து, அதைச் சுற்றி இரும்புச் சட்டம், உள்ளே பூ வடிவத்தில் தகட்டு அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு நிறச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார் ஒருவர். அச்சை ஒரே வீச்சில் மேலே தூக்குகிறார், நிறங்கள் ஒன்றோடொன்று தொட்டு நிற்கின்றன, கலப்பதில்லை. மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி ஈரத்தை இழுக்க விட்டு, அதற்கு மேல் சாந்து போட்டு மட்டம் தட்டுகிறார். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊற வேண்டும். கண்ணாடியைப் பிரித்தால் அதன் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும். சில பூக்களை அச்சே இல்லாமல் கையாலேயே ஊற்றினார்கள், அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் மத்தியானச் சாப்பாடு போய்விட்டது.

சிமெண்டு என்பதால் இரண்டு விஷயம். ஒன்று எடை. கல் முக்கால் அங்குலத் தடிமன், அதன் கீழே ஒன்றரை அங்குலம் சாந்துப் படுகை, எங்கள் கூடத்துக்கு மட்டும் சுமார் 13 டன். தரைத்தளம் என்பதால் பிழைத்தோம். மாடியில், அதுவும் பழைய டைல்ஸுக்கு மேலேயே போடலாம் என்று யாராவது சொன்னால், ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கேட்காமல் தலையாட்டாதீர்கள். இன்னொன்று புளிப்பு. எலுமிச்சை, வினிகர், புளி எல்லாம் சிமெண்டை அரிக்கும். ரசம் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும். அடுப்படியில் இந்தக் கல் வேண்டவே வேண்டாம்.

இதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். கடை திறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம், சுத்தம் செய்ய வந்தவர்கள் சிமெண்டுக் கறை போக வழக்கம்போல ஆசிட் ஊற்றித் தேய்த்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, எந்தப் புதுக் கட்டடத்திலும் அதுதான் வழக்கம், யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. தம்பி பார்த்து ஓடிவருவதற்குள் கல்லாப்பெட்டிக்கு முன்னால் பதினோரு கல் வெளுத்துப்போனது.

தூணுக்குக் காரைக்குடி. முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எனாமல் பாத்திரம், கண்ணாடி, மரப்பாச்சி, தூண், கதவு. அங்கே சாய்த்து வைத்திருக்கும் ஒவ்வொரு தூணும் ஏதோ ஒரு வீட்டைப் பிரித்து எடுத்தது. 1942-ல் ஜப்பான் பர்மாவுக்குள் நுழைந்த பிறகு அந்தப் பக்கத்து வருமானம் போனது, பிறகு அங்கே சொத்துகளும் போயின. ஒரு வீட்டுக்கு இன்றைக்கு இருபது, முப்பது பங்காளிகள், ஆளுக்கொரு ஊரில். ஓடு மாற்றக்கூட எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துவராதபோது வீடு கட்டாகப் பிரிந்து வருகிறது. நம்மை மாதிரி ஓட்டல்காரர்கள் கேட்பதால்தான் பிரிக்கிறார்கள் என்று ஒரு தரப்பு. நாம் வாங்காவிட்டால் விறகுக்குப் போகும் என்று இன்னொரு தரப்பு. இரண்டிலும் உண்மை இருக்கிறது, எனக்கு இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

தம்பி நாலு தூணுக்கு விலை பேசி முடித்தான். வீட்டில் அவை கல் ஆதாரத்தின் மேல் நின்றவை, ஈரம் மரத்தில் ஏறக்கூடாது என்பதற்காக. அந்தக் கல்லையும் சேர்த்துக் கேட்டு வாங்கினோம், தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றிக் கழுவும் கடைக்கு அது அலங்காரம் இல்லை, தேவை. பிறகு கதவைப் பார்த்தோம். மூன்று விரல் தடிமன், நிலையில் கஜலட்சுமி, அதற்குக் கீழே அந்த வீட்டின் விலாசம் செதுக்கியிருந்தது. பாத்திரத்தில் வெட்டுவார்களே, குடும்பத்தின் முதலெழுத்துகள், அது. தம்பி கையால் தடவிப் பார்த்தான். விலையும் கட்டுப்படியாகிற மாதிரிதான் இருந்தது.

"வேண்டாங்ண்ணா. இன்னொருத்தர் ஊட்டுப் பேரைக் கொண்டுபோய் நம்ம கடை வாசல்ல எப்படி மாட்டறது?"

கடைக்காரர், எழுத்தைச் செதுக்கி எடுத்துவிட்டுத் தருகிறேன் என்றார். அது இன்னும் மோசமாகப் பட்டது. வாசலுக்குக் கோவையிலேயே ஒரு ஆசாரியிடம் புதுக் கதவு செய்தோம். வேப்பமரம், பூ வேலை கொஞ்சம்தான், மூன்று மாதம் இழுத்தார், கடை திறக்கும் அன்று ஒரு பக்கம் பாலிஷ் காயவில்லை.

கூரையில் பாய் கட்டிய பிறகு அம்மாவை மறுபடி அழைத்துப் போனேன். மிஷின் காதிலேயே இருந்தது. மோர் ஊற்றுகிற பையனிடம் எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார் என்றெல்லாம் விசாரித்து, அவன் அடுத்த மேசைக்குப் போக முடியாமல் நின்றான்.

அந்தப் பதினோரு கல் அப்படியேதான் இருக்கிறது. ஆத்தங்குடியில் கல் செய்து கொடுத்தவரைப் போனில் கேட்டதற்கு, தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டே இருங்கள், நாலு பேர் நடக்க நடக்க மினுமினுப்புத் திரும்பும், ஆனால் ஆசிட் தின்ற நிறம் வராது, அளவு அனுப்புங்கள் ஊற்றித் தருகிறேன் என்றார். ஆடியில் வியாபாரம் மந்தமாக இருக்கும்போது மாற்றிவிடலாம் என்று தம்பி சொல்லியிருக்கிறான். அதற்கு முன் சித்தியின் வளையலை மீட்க வேண்டுமாம்.